தெறிவினை சொல்லும் சேதி



வைத்தியர் ஒருவர் நோயாளியைக் கால் தொங்க அமரச் செய்து, முழங்காற் சில்லின் கீழே சிறிய இறப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டுவதை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். தட்டிய மாத்திரத்தில் கால் முன்னோக்கி எழுகின்றது. எழுப்ப வேண்டுமென்று நோயாளி எண்ணுவதில்லை. எழாமல் நிறுத்துவதும் அவருக்கு எளிதன்று. 1875ஆம் ஆண்டில் எர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இருவர் தனித்தனியே இதனை எழுதி வெளியிட்டனர். அன்று தொட்டு நரம்பு நோயை ஆராய்வோர்க்கு அச்சிறு தட்டல் இன்றியமையாத ஒன்றாகிவிட்டது.

இவ்வாறு நம் விருப்பத்தைக் கேளாமலே உடல் தரும் மறுமொழியைத் தமிழகத்தார் அனிச்சைச் செயல் என்பர். நம் நாட்டுப் பாடநூல்கள் தெறிவினை என்கின்றன. தூசி பட்டதும் கண் இமைத்தல், புரையேறினால் இருமுதல், சுட்ட பாத்திரத்தினின்றும் கையை இழுத்துக்கொள்ளல் ஆகிய யாவும் இவ்வகையின.

தன்னினைவின்றிச் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் உயிர்தரித்துக் கிடக்கும் நோயாளியிடத்தே இத்தெறிவினைகள் எதனைச் சொல்கின்றன, எதனைச் சொல்லமாட்டா என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது வைத்தியர்க்கு மட்டுமே உரிய பொருள் எனச் சிலர் கருதலாம். ஆனால் பூனாகலைத் தோட்டத்து லயம் ஒன்றிலிருந்து ஒருவர் பதுளை பெரிய வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டால், கதவுக்கு வெளியே நிற்கும் தாயும் தம்பியும் மாமனும் முதலிற் கேட்பது இத்தகைய சொற்களையே. ‘கண்ணில் வெளிச்சம் அடித்தால் அசைவில்லை’, ‘இருமல் வரவில்லை’, ‘காலில் மட்டும் சிறிது அசைவு உண்டு’ என்று எவரோ சொல்வர். அச்சொல்லைக் கொண்டு ஒரு குடும்பம் நம்பிக்கை கொள்கின்றது. அல்லது ஊருக்குச் சாவுச் செய்தி அனுப்ப ஆயத்தம் செய்கின்றது. ஆதலால் அச்சொற்களின் பொருள் யாது என்பதை நாம் யாவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் தெறிவினை நடைபெறும் வழியைப் பார்ப்போம். முழங்காலில் தட்டியதும் தசைநார் இழுபடுகின்றது. அச்செய்தி நரம்பு வழியே முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணை அடைகின்றது. அங்கேயே கட்டளை பிறந்து, வேறொரு நரம்பு வழியே தசைக்குத் திரும்புகின்றது. மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன்னரே கால் எழுந்துவிடுகின்றது. ஆகவே ஒரு தெறிவினைக்குப் போகும் வழி, நடுவிலோர் அலுவலகம், திரும்பும் வழி, கடைசியில் நரம்பும் தசையும் சந்திக்கும் வாயில், அப்பால் வேலை செய்யும் தசை என ஐந்து உறுப்புகள் உண்டு. இவற்றுள் எது பழுதுற்றாலும் தெறிவினை நிகழாது.

மழைக்காலத்தில் மண் சரிந்து பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வரும் வீதி அடைபட்டுப் போவதுண்டு. அன்று பஸ் வருவதில்லை. பஸ் வராமையைக் கண்டு, பண்டாரவளை நகரமே அழிந்துபோயிற்று என்று எவரேனும் முடிவு செய்வாரோ? வழியில் எங்கே மண் சரிந்துள்ளது என்றே விசாரிப்பர். தெறிவினை இல்லாத நோயாளியிடத்தும் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: வழி அடைபட்டதா, நகரம் அழிந்ததா?

தெறிவினைகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முழங்கால், கணுக்கால், உள்ளங்கால் ஆகியவற்றிற் காண்பவை முண்ணாணைச் சேர்ந்தவை. கண்மணியின் மேல் ஒளி விழுந்ததும் அது சுருங்குதல், விழிவெண்படலத்தைப் பஞ்சால் தொட்டதும் இமை மூடுதல், தலையைப் பக்கவாட்டில் திருப்பும்போது விழிகள் எதிர்த்திசையில் அசைதல், தொண்டையின் பின்புறம் தீண்டப்பட்டால் குமட்டுதல், சுவாசக் குழாயிற் சளியை உறிஞ்சும்போது இருமுதல் என்பன மூளைத்தண்டைச் சேர்ந்தவை. மூச்சை நடத்துவதும் மனிதரை விழிப்பிலே வைத்திருப்பதும் மூளைத்தண்டே. ஆதலால் தன்னினைவிழந்தவரைச் சோதிப்போர் பின்னைய வகையையே உற்று நோக்குகின்றனர்.

இக்கேள்விகள் எழுந்த வரலாறு பழையதன்று. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கொடிய கொள்ளைநோயாய்ப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்தோர் நாள்தோறும் பிளெக்டாம் வைத்தியசாலைக்கு வந்த வண்ணம் இருந்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து வைத்தியர், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையிலே துளையிட்டுக் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சூட்டினார், அவள் பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாய் நோயாளரின் அருகே அமர்ந்து அவ்வாறே பையை அழுத்தினர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்தே தோன்றின. கருவி வருமுன் மூச்சு நின்றால் ஆள் முடிந்தார், ஐயத்துக்கு இடமில்லை. கருவி வந்த பின்னரோ, மூச்சு கருவியால் நடக்க, இதயம் துடிக்க, உள்ளே மூளை உயிரோடுள்ளதா என்னும் கேள்வி பிறந்தது. 1959இல் பாரிஸ் நகரத்து மொலரே, குலோன் என்போர் மீளாத மயக்கத்தின் இலக்கணத்தை வகுத்தனர். 1968இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் குழுவினர் அதற்கு அளவுகோல்கள் கண்டனர். அவ்வளவுகோல்களில் தெறிவினை இன்மை தலையாய இடம் பெற்றது. ஆயினும் மருந்தினாலோ கடுங்குளிரினாலோ அந்நிலை தோன்றவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும் என்ற எச்சரிக்கையும் உடன் வந்தது. இவ்வெச்சரிக்கையின் அருமையை நம் நாட்டுக்கு உணர்த்தும் நோயொன்று உண்டு. அது கட்டுவிரியன் தீண்டலாகும்.

பூனாகலை மலைக் குளிரில் வாழ்வோர்க்குக் கட்டுவிரியன் அவ்வளவு பழக்கமான பாம்பன்று. ஆனால் பூனாகலையிலிருந்து இறங்கும் வழி கொஸ்லாந்தையைக் கடந்து வெல்லவாயவையும் மொனராகலை மாவட்டத்து வெப்ப நிலத்தையும் சேர்கின்றது. உறவினர் வீட்டுக்கும் கூலி வேலைக்கும் அங்கே சென்று தங்குவோர் உளர். சிங்களத்தில் கரவலா எனப்படும் இப்பாம்பு அவ்வறண்ட நிலத்துக்கு உரியது. இதன் இனத்தைச் சேர்ந்ததும் இலங்கைக்கே உரியதுமான மற்றொன்று ஈரவலயக் காடுகளிலும் மலைச்சாரல்களிலும் வாழ்கின்றது.

கட்டுவிரியன் இரவிலே வருவது. தரையிற் பாய் விரித்து உறங்குவோரைத் தீண்டுவது. கடியில் வலி இல்லை. பல்லின் தடமும் தெரியாமற் போகலாம். நள்ளிரவுக்குப் பின்னரோ விடியற்காலையிலோ வயிற்றுவலி காணும். பின் இமைகள் தாமே தாழும். பேச்சுக் குழறும், விழுங்குதல் அரிதாகும், மூச்சுத் தளரும். நஞ்சு தாக்குவது மூளையையன்று. நரம்பும் தசையும் சந்திக்கும் அந்தக் கடைசி வாயிலையே அது பழுதாக்குகின்றது. நரம்பு நுனிகளே சிதைவதனால், தாமதித்து ஏற்றப்படும் நஞ்சு முறி மருந்து வந்துவிட்ட செயலிழப்பை உடனே நீக்குவதில்லை. நுனிகள் மீண்டும் வளரும்வரை, சில நாளோ சில வாரமோ, கருவி மூச்சூட்ட வேண்டும்.

அந்நிலையில் நோயாளியைச் சோதித்தால் யாது காண்போம்? கண்மணிகள் விரிந்து அசைவற்றிருக்கும். தலையைத் திருப்பினால் விழிகள் திரும்பா. இருமல் இல்லை, குமட்டல் இல்லை, முழங்காலைத் தட்டினால் பதில் இல்லை. ஏட்டிலுள்ள இலக்கணப்படி ஒன்றொன்றாய்க் குறித்துச் சென்றால் மூளை இறந்ததற்குரிய அடையாளம் யாவும் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் அம்மனிதர் உள்ளே விழித்திருக்கக் கூடும். கட்டிலருகே நின்று அழுவோர் குரல் அவர் காதில் விழக் கூடும். ‘இனிப் பயனில்லை’ என்று எவரேனும் சொன்னால் அதனையும் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மறுத்துரைக்க ஒரு விரலும் அசையாது.

இது கற்பனையன்று. அநுராதபுரத்தில் 1996 முதல் 1998 வரை கட்டுவிரியன் தீண்டி வந்த 210 நோயாளரை வைத்தியர் குலரத்ன ஆராய்ந்து எழுதினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டனர். மொத்தத்தில் மிகப் பெரும்பாலோர் உயிர் பிழைத்தனர். தெறிவினை இல்லையென்று சொல்லிக் கருவியை நிறுத்தியிருந்தால் அவர்களுட் பலர் இன்று இரார். நகரம் அழியவில்லை, வீதிதான் அடைபட்டிருந்தது.

மலைநாட்டுக் காய்கறித் தோட்டங்களிற் பயன்படும் பூச்சிநாசினி நஞ்சும் இத்தகையதே. ஒகனோபொசுபேற்று வகையைச் சேர்ந்த நஞ்சு உட்சென்றவர் முதல் நாட் சிகிச்சையால் தேறி எழுந்து அமர்வார். பின்னர், ஒரு நாள் முதல் நான்கு நாட்களுக்குள், தலையணையினின்றும் தலையை உயர்த்த இயலாமற் போவார், முழங்கால் தெறிவினை தளரும், மூச்சும் தளரும். இந்நிலையை வேறு பிரித்துணர்ந்து 1987ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான நிமால் சேனாநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்த ஆகியோர். உரிய வேளையிற் கருவியின் துணை கிடைத்தால் இதுவும் மீளும் நோயே. நேற்றுத் தலையைத் தூக்கியவர் இன்று தூக்க முடியாதிருக்கின்றார் என்பதை முதலிற் காணக்கூடியவர் பெரும்பாலும் அருகிருக்கும் உறவினரே. கண்டால் உடனே தாதியிடம் சொல்ல வேண்டும்.

கீலன் பாரே நோய் என்பதும் ஒன்றுண்டு. 1916ஆம் ஆண்டிற் பிரெஞ்சு வைத்தியர் மூவர் விளக்கிய இந்நோயில், கால்களிலே தொடங்கும் தளர்ச்சி மேலேறி மூச்சையும் பற்றக்கூடும். முழங்கால் தெறிவினை அறவே மறையும். வேடிக்கை யாதெனில், நோயாளி தேறி, எழுந்து, நடந்து வீடு சென்ற பின்னரும் அத்தெறிவினை நெடுங்காலம் திரும்பாதிருத்தல் உண்டு. ஆகவே இந்நோயில் சுத்தியலை நம்பி நாள் எண்ணுவோர் ஏமாறுவர். காலின் வலிமையையும் மூச்சின் ஆழத்தையுமே அளக்க வேண்டும்.

இதுவரை பொய்யான அவநம்பிக்கையைப் பற்றிச் சொன்னேன். பொய்யான நம்பிக்கையும் உண்டு. அதனையும் மறைத்தல் தகாது.

மூளை முற்றும் இறந்துபட்ட பின்னரும் முண்ணாண் சிறிது காலம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். உள்ளங்காலைத் தொட்டால் கால் மடங்கும். சிற்சில வேளை கைகளும் அசைந்து மார்பை நோக்கி எழும். அருகிருக்கும் தாய் அதனைக் கண்டு, பிள்ளை தன்னை அறிந்துகொண்டதென எண்ணி மகிழ்வாள். அம்மகிழ்ச்சியைப் போலத் துயரமான காட்சி பிறிதில்லை. மேலதிகாரி இல்லாத போதும் கிளை அலுவலகம் பழைய கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைப் போன்றது அது. முதுகெலும்பு முறிந்து முண்ணாண் அறுபட்டவரிடத்தும் இவ்வாறே. விபத்துக்குப் பின் மறைந்த தெறிவினை, வாரங்கள் சென்ற பின் முன்னையினும் வேகமாய்த் திரும்பும், கால் துள்ளும், ஆயினும் விரும்பி அசைக்கும் ஆற்றல் திரும்பியதென அதற்குப் பொருளில்லை.

கைப்பிடியும் அத்தகையதே. மூளை நோயுற்றவர் உள்ளங்கையில் நாம் விரலை வைத்தால், பச்சிளங் குழந்தையைப் போல் அவர் அதனைப் பற்றிக்கொள்ளலாம். ‘என் கையைப் பிடித்தார்’ என்று உறவினர் ஓடிவந்து சொல்வர். பிடிப்பது தெறிவினையாகவும் இருக்கலாம். ‘விடுங்கள்’ என்று சொன்னதும் விடுகின்றாரா என்பதே உண்மையான சோதனை.

அவ்வாறாயின் மீட்சியை அறிவிக்கும் தெறிவினை எதுவுமே இல்லையோ என்று கேட்பீர்கள். உண்டு. தலையிற் காயமுற்றோர், மூளையிற் குருதி கசிந்தோர், இதயம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கியோர் ஆகியோரிடத்தே மூளைத்தண்டின் தெறிவினைகள் மிகுந்த பொருளுடையன. இதயம் நின்று மீண்டவரிடத்து, மூன்று நாள் கழிந்த பின்னரும், மயக்க மருந்தின் வேகம் தணிந்த நிலையிலும், கண்மணி ஒளிக்குச் சுருங்காமலும் விழிவெண்படலம் தொடுகைக்கு இமைக்காமலும் இருப்பின் அது கொடிய அறிகுறியே. அப்போதும் அறிந்த வைத்தியர் அதனையொன்றையே கொண்டு தீர்ப்புக் கூறார். மூளையின் மின்னலைகளையும் படங்களையும் உடன்வைத்துப் பார்ப்பார். தலையில் அடிபட்டவரிடத்து, ஒளிக்குச் சுருங்கிக்கொண்டிருந்த கண்மணிகளுள் ஒன்று திடீரென விரிந்து நின்றால், மண்டைக்குள் அழுத்தம் ஏறுகின்றது என்பதற்கு அது அபாயமணி. மயக்க மருந்திலிருக்கும் நோயாளரையும் ஆராய்ந்த பிரெஞ்சு வைத்தியர் சிலர், இருமல் தெறிவினை இல்லாதோரிடத்து மரணம் மிகுதியாய் நேர்ந்ததை 2011இல் எழுதினர். அதற்கு மாறாய், சளி உறிஞ்சும் குழாய் தொட்டதும் நோயாளி வலுவாய் இருமத் தொடங்குவாராயின், மூளைத்தண்டு வேலை செய்கின்றது என்பதும், குழாயை எடுத்தபின் தம் மூச்சுவழியைத் தாமே காத்துக்கொள்ளும் வல்லமை திரும்புகின்றது என்பதும் புலனாகும். உறவினர் அந்த இருமலைக் கண்டு அஞ்சுவர். தாதியோ உள்ளூர மகிழ்வாள்.

ஒரு முறை பார்த்த தெறிவினையைவிட, நாள்தோறும் பார்த்து எழுதி வரும் வரிசையே மேலான சாட்சி. 1974ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜெனெட் என்னும் இருவர் வகுத்த அளவையிலே இதற்கு நல்லதோர் ஏணி உண்டு. வலி உண்டாக்கினால் முதற்படியில் ஒன்றுமில்லை, அடுத்த படியில் கை விறைத்து நீளும், பின் மடங்கும், பின் வலியினின்றும் விலகும், பின் வலித்த இடத்தை நாடிக் கை செல்லும், கடைசிப் படியில் சொல்லிய சொல்லுக்குக் கீழ்ப்படியும். கீழ்ப்படிகளில் நாம் காண்பது நரம்பின் வழி. மேற்படியிலே காண்பது மனிதர். குழாய் செருகப்பட்டவர் பேச இயலாராதலின், 2005இல் அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையார் பேச்சை விடுத்து, மூளைத்தண்டின் தெறிவினைகளையும் மூச்சின் போக்கையும் சேர்த்து வேறோர் அளவையும் வகுத்துள்ளனர்.

இங்கே நம் தோட்டப் பகுதி மக்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. சொல்லுக்குக் கீழ்ப்படிகின்றாரா என்று அறியவேண்டுமாயின், சொல் நோயாளிக்கு விளங்க வேண்டும். வாழ்நாள் முழுதும் கொழுந்து பறித்துத் தமிழ் மட்டுமே பேசி வந்த மூதாட்டியிடம் அறியாத மொழியில் ‘கையைத் தூக்கு’ என்றால் அவர் எவ்வாறு தூக்குவார்? ஏட்டிலே ‘கீழ்ப்படியவில்லை’ என்று பதிவாகும். ஏணியில் ஒரு படி குறையும். இது எவருடைய குற்றமும் அன்று. எளிதிற் களையக்கூடிய குறை. வைத்தியர் சோதிக்கும் வேளையிற் பேரன் ஒருவன் அருகே நின்று, ‘அப்பாயி, கையை விடுங்க, கால் விரலை ஆட்டுங்க’ என்று பழகிய குரலிற் சொல்ல அனுமதி கேட்டல் வேண்டும். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம். பெரும்பாலான வைத்தியர் அதனை வரவேற்பர்.

நேயர்களே, நாட்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பதுளையிற் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பெருஞ்சுமை. போக்குவரத்துக்கும் உணவுக்கும் கடன்; வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ‘எப்படியும் பிழையார், வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம்’ என்னும் எண்ணம் அத்தகைய வேளையில் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் எழும்போது மூன்று கேள்விகளை வைத்தியரிடம் கேளுங்கள். நோய் மூளையிலா, நரம்பிலா, நரம்பும் தசையும் சேரும் இடத்திலா? மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இன்னும் உடலில் உள்ளனவா? நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றம் யாது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்த பின்னர் நம்பிக்கை கொள்வதோ, கைவிடுவதோ, எதுவாயினும் அறிந்து செய்ததாகும்.

நீங்கள் சொல்லவேண்டிய செய்தியும் உண்டு. நோயாளி அன்றிரவு தரையிற் படுத்தாரா, விடியலில் வயிறு வலித்ததா, இமை தாழ்ந்ததா, மருந்தடிக்கும் வேலைக்குச் சென்றாரா, வீட்டில் நஞ்சு இருந்ததா என்பவற்றை மறையாது சொல்லுங்கள். நஞ்சை அவர் மனமுடைந்து தாமே உட்கொண்டிருப்பினும் மானத்தை அஞ்சி ஒளிக்காதீர்கள். கடித்த பாம்பைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். கட்டுப் போடுதலும் கீறி உறிஞ்சுதலும் வேண்டாம். அண்மையிலுள்ள வைத்தியசாலைக்கு விரைந்து செல்லுங்கள். வைத்தியரின் சுத்தியலுக்கும் கைவிளக்குக்கும் எட்டாத உண்மையை நீங்கள் சொல்லும் அந்தச் சிறு செய்தி எட்டக்கூடும்.

கடைசியாக ஒன்று. கட்டிலில் அசைவற்றுக் கிடப்பவர் கேளார் என்று எண்ணி அவர் அருகே நின்று சாவைப் பற்றியும் செலவைப் பற்றியும் பேசாதீர்கள். பெயர் சொல்லி அழையுங்கள். இன்ன நாள், இன்ன இடம், இன்னார் வந்திருக்கின்றோம் என்று சொல்லுங்கள். அவர் கேளாதிருப்பின் நமக்கு இழப்பொன்றுமில்லை. கேட்டுக்கொண்டிருப்பாராயின், விரல் அசையத் தொடங்கும் நாள்வரை அவருக்கு அக்குரலே துணை.